வெள்ளவத்தைக் கடற்பாசியும் புற ஊதாக் கதிரும்: வீட்டில் செய்து பார்த்த பதிவு

கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வெப்ப வலயத்தில் ஓசோன் படலமும் இயல்பாகவே மெல்லியது. இரண்டும் சேரும்போது புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தொடுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் ஆகக் கடைசிப் படி. அந்த நேரத்தில் நாங்கள் நிழல் தேடிப் போய்விடுகிறோம். வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஒட்டி வளரும் பாசி எங்கும் போக முடியாது. போனாலும் வாழ முடியாது, ஏனென்றால் ஒளித்தொகுப்புக்கு அதற்கு வெயில் வேண்டும். சாப்பாடும் நஞ்சும் ஒரே கதிரில் வருகின்றன.

நஞ்சு என்று சும்மா சொல்லவில்லை. 280 முதல் 315 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள பி வகைப் புற ஊதாக் கதிர் டிஎன்ஏ இழையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற இரண்டு அலகுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்த இடத்தில் பிரதியெடுப்பு தடைப்படும். 315 முதல் 400 வரையான ஏ வகை இன்னும் ஆழமாக நீருக்குள் இறங்கும். ஒளித்தொகுப்பு நடக்கும் இடத்தில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது; கடும் ஒளியில் முதலில் அடிவாங்குவது அதுதான். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு பாசி எப்படிப் பச்சையாகவும் சிவப்பாகவும் நிற்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிது. வீட்டிலே, கையிலிருக்கும் சாமான்களை வைத்துக் கண்ணால் காட்ட முடியுமா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பாசிக்குள் புற ஊதாவை உறிஞ்சும் பொருளை நீரில் இறக்கி, அந்த வடிநீர் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று அளப்பதுதான் திட்டம். தரம் ஒன்பதில் படிக்கும் மகளும் சேர்ந்துகொண்டாள்.

முதலில் அளவி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் ஜி.யூ.வி.ஏ-எஸ்12எஸ்டி என்ற சின்னப் புற ஊதா உணரி கிடைக்கும். 240 முதல் 370 நனோமீற்றர் வரைக்கும்தான் அது பதில் சொல்லும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கண்டுகொள்ளாது. அந்தக் குணத்துக்காகவே அதை எடுத்தேன். ஏறத்தாழ 0.1 வோல்ற்றுக்கு ஒரு சுட்டெண் என்று கணக்கு. உணரியை வாசிக்கும் சின்ன இலத்திரனியல் பலகையான ஆர்டுயினோ வழக்கமாக 5 வோல்ற்றை முழு அளவாக வைத்து ஒப்பிடும்; அதில் இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தின் நுணுக்கம் தெரியாது. அதனால் பலகைக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ற் ஒப்பீட்டுக்கு மாற்றினேன்; அப்போது ஒரு படி கிட்டத்தட்ட ஒரு மில்லிவோல்ற். உச்சி வெயிலை உணரி நேரே பார்த்தால் 1.1ஐயும் தாண்டிவிடலாம். உள்ளே கறுப்பு மட் பெயின்ற் அடித்த பிவிசி குழாய்த் துண்டின் அடியில் அதை உட்காரவைத்தால் பக்கவாட்டிலிருந்து சிதறி வரும் வான ஒளி வெட்டுப்படும், வாசிப்பும் எல்லைக்குள் வந்துவிடும்.

அடுத்தது பாத்திரம். இதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. சாதாரணக் கண்ணாடி பி வகைக் கதிரை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும். தண்ணீர்ப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். ஆய்வுகூடத்தில் குவார்ட்ஸ் குவளை வைத்திருப்பார்கள். அதன் விலைக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறது. மெல்லிய தெளிவான பொலித்தீன் புற ஊதாக் கதிரை நன்றாக விடும். ஆகவே அகலமான பிவிசி குழாயிலிருந்து ஒரு வளையம் அறுத்து, அதன் அடியில் பொலித்தீனை இழுத்துப் போர்த்தி ரப்பர் வளையம் போட்டேன். மேலே திறந்த, அடியில் பொலித்தீன் உள்ள ஆழமில்லாத கிண்ணம். அதில் 5 மில்லிமீற்றர் உயரத்துக்குத் திரவம் ஊற்றிக் குழாயின் வாயில் வைத்தால் சூரியன், திரவம், உணரி மூன்றும் ஒரே நேர்கோட்டில். சூரியன் உச்சியில் நிற்கும் அந்த நாட்களில் கொழும்பில் குழாயைச் சாய்க்கவே வேண்டியதில்லை. பகல் 12.10ஐ ஒட்டி மொட்டைமாடியில் நட்டுக்குத்தாக நிறுத்தினால் போதும். வடக்கே இருக்கும் நாட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை.

பாசி சேகரிக்கக் கற்களில் ஏறவில்லை. ரயில் பாதையோரமாக நடப்பது ஆபத்து, சட்டப்படியும் குற்றம். தெஹிவளை, கல்கிசைக் கரையில் அலை ஒதுக்கிவிடும் பாசியே தாராளம். தென்மேல் பருவக்காற்று தொடங்குவதற்கு முன் கடல் அடங்கியிருக்கும் காலமென்றால் கிழியாத துண்டாகக் கிடைக்கும். கல்கிசையில் கரைவலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, காய்ஞ்சதை எடுக்காதீங்க, இப்ப வந்து விழுந்ததை எடுங்க, அதுதான் உயிரோட இருக்கும்” என்றார். அவர் சொன்ன காரணம் சமையலுக்கானது. எனக்கும் அது அப்படியே பொருந்தியது. மழைநீர் பட்டுக் காய்ந்த பாசியில் நான் தேடும் அந்தப் புற ஊதா உறிஞ்சும் பொருள் பாதி கரைந்து போயிருக்கும்.

கடைசியில் கையில் இருந்தவை: பச்சைத் தாள் போன்ற உல்வா, காற்றுக் குமிழ்களோடு பழுப்புச் சர்காசம், நொறுங்கும் கிளைகளோடு ஒரு சிவப்புப் பாசி. சிவப்பை இனம் வரைக்கும் பிரித்துச் சொல்ல என்னிடம் நுணுக்குக்காட்டி இல்லை. வெயில் கூடிய இடத்தில் வளர்ந்த சிவப்புப் பாசி மஞ்சளாக, சில வேளை பச்சையாகக்கூடத் தெரியும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துப் பையில் போடக் கூடாது. இவற்றோடு ஒப்பீட்டுக்காகச் சுப்பர் மார்க்கெற்றிலிருந்து உப்பு, எண்ணெய் சேர்க்காத நோரித் தாள் ஒரு பைக்கற். சுஷி சுற்றும் அந்தத் தாளும் சிவப்புப் பாசிதான். போர்பைராவும் அதன் நெருங்கிய உறவுகளும். நான் தேடிய பொருள் அதில் நிறைய இருப்பது நன்றாக ஆராயப்பட்ட விடயம். சரி, பரிசோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க நம்பகமான ஒன்று கையில் இருக்க வேண்டுமே.

அந்தப் பொருளின் பெயர் மைக்கோஸ்போரின் போன்ற அமினோவமிலங்கள். வாய் நிறைய வரும் பெயர், ஆனால் சின்ன மூலக்கூறு. மூலக்கூற்று நிறை 400க்குள் அடங்கிவிடும். சிவப்புப் பாசிகளில்தான் இது அதிகம். பல வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலைநீளத்தில் அதிகமாக உறிஞ்சும்: மைக்கோஸ்போரின்-கிளைசின் 310இல், பலித்தின் 320இல், ஷினோரினும் போர்பைரா-334உம் 334இல். மொத்தத்தில் 310 முதல் 360 வரையான பகுதியை இவை பங்கு போட்டு மூடிக்கொள்கின்றன. உறிஞ்சிய சக்தியை வெப்பமாக மாற்றி நீருக்கு விட்டுவிடும். பக்கத்திலிருக்கும் மூலக்கூறுகளைத் தாக்கும் தீவிர மூலிகம் எதையும் உண்டாக்காது. நாங்கள் பூசும் கிரீம்களில் உள்ள சில சேர்வைகள் வெயிலில் தாமே உடைந்துபோவதை எண்ணினால், இது எவ்வளவு பண்பட்ட வேலை என்று விளங்கும்.

பரிசோதனைக்கு உதவிய குணம் இன்னொன்று: இது நீரில் கரையும், பச்சையம் நீரில் கரையாது. அற்ககோலில் ஊறவைத்தால் பச்சையமும் சேர்ந்து வந்து, எது கதிரைத் தடுத்தது என்றே பிரிக்க முடியாமல் போகும். ஆய்வுக் கட்டுரைகளில் 20, 25 வீத மெதனோலை 45 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். மெதனோலின் ஆவியே நஞ்சு. பிள்ளை நிற்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர எனக்கு மனமில்லை. வெறும் நீரே போதும் என்று தீர்மானித்தேன். பாசியைக் கடல்நீரிலேயே அலசி மணலைப் போக்கி (நன்னீரில் ஊறவிட்டால் கலம் வெடித்து உள்ளே உள்ளது வெளியே போய்விடும்), மின்விசிறியின் கீழ் நிழலில் உலர்த்தி, மசாலா அரைக்கும் சின்ன கிரைண்டரில் பொடித்தேன். ஒரு கிராம் பொடிக்கு 20 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர். தேர்மஸ் பிளாஸ்க்கில் இரண்டு மணி நேரம் வைத்தால் சூடு பெரிதாக இறங்காது. பிறகு கோப்பி வடிதாளில் வடித்து, பிரிட்ஜில் ஒரு இரவு தெளியவிட்டு, மறுபடி வடித்தேன். சர்காசம் மட்டும் இழுபட்டது. அதிலுள்ள அல்ஜினேற் கொழகொழவென்று வடிதாளை அடைத்துவிடும். இரண்டு மடங்கு நீர் சேர்த்துப் பொறுமையாக வடிக்க வேண்டும்.

இப்போது அளப்பது. கொழும்பு வானத்தில் மெல்லிய முகில் வந்து போய்க்கொண்டே இருக்கும். கண்ணுக்கே தெரியாத முகில்கூட வாசிப்பைக் குலைத்துவிடும். அதனால் தனி எண்ணை நம்பக் கூடாது. ஒவ்வொரு வடிநீருக்கும் முன்னும் பின்னும் அதே கிண்ணத்தில் வெறும் நீரை வைத்து வாசித்து, இரண்டு நீர் வாசிப்பும் ஒத்துப்போனால் மட்டும் நடுவில் எடுத்ததைக் குறித்துக்கொண்டேன். ஒப்பிட்டது விகிதத்தை மட்டும்தான்.

நோரி வடிநீரை வைத்தவுடன் வாசிப்பு விழுந்தது. நீர் விட்ட கதிரில் சிறு பங்குதான் மிச்சம். பத்து மடங்கு நீர் கலந்து மெலிதாக்கியும் பாதியளவுக்கு இறங்கியே நின்றது. கல்கிசைச் சிவப்புப் பாசியும் நன்றாக மறைத்தது, நோரி அளவுக்கு இல்லை. சர்காசமும் வாசிப்பை இறக்கியது. உல்வா ஏறக்குறைய நீர் மாதிரியே.

இங்கே ஒரு குறுக்குச் சோதனை அவசியம். கலங்கல் நீரும் ஒளியைச் சிதறடித்து வாசிப்பைக் குறைக்கும். அதைப் பாசியின் திறமை என்று எண்ணிவிடலாம். அதற்காகக் கைபேசியின் ஒளி உணரியை அதே கிண்ணத்தின் கீழ் வைத்துக் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அளந்தேன். நோரி வடிநீரில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரிதாகக் குறையவில்லை. புற ஊதா மட்டும் காணாமல் போயிருந்தது. சர்காசத்தில் இரண்டும் குறைந்தன. அது பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் இருந்ததால் அப்படித்தான் வரும்.

சர்காசம் ஏன் அப்படி என்றால், பழுப்புப் பாசிகளின் முறையே வேறு. அவை புளோரோடனின் என்ற பீனோல் சேர்வைகளைச் செய்து, பைசோட் என்னும் சின்னஞ்சிறு பைகளில் கலத்துக்குள் அடைத்து வைக்கின்றன. புளோரோகுளூசினோல் என்ற ஒரே அலகைத் தொடுத்துத் தொடுத்துக் கட்டிய சங்கிலி அது. பி வகைக் கதிரை உறிஞ்சும், பாசியைக் கடிக்க வரும் உயிரினங்களுக்குத் துவர்ப்புக் கொடுக்கும், கலச்சுவரைக் கட்டவும் உதவும். வெளியே கசிந்தால் சுற்றியுள்ள நீரையே கொஞ்சம் நிறமாக்கும். அதைவிட, கடும் ஒளியில் வயலோசாந்தின் என்ற மஞ்சள் நிறமியைச் சியாசாந்தினாக மாற்றி, மிதமிஞ்சிய ஒளிச்சக்தியை வெப்பமாகக் கொட்டிவிடும் ஏற்பாடும் பழுப்புப் பாசிகளிடம் உண்டு. அந்த இரண்டாவது ஏற்பாட்டை என் குழாயால் காட்ட முடியாது. அது உயிருள்ள இலைக்குள், நிமிடக்கணக்கில் நடந்து திரும்பிவிடும் மாற்றம்.

எண்களைப் பார்த்து மகளுக்குத் திருப்தி வரவில்லை. நோரி வடிநீரையும் நீரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, ரெண்டும் ஒண்டுதானே, இதில என்ன மறைக்குது?” என்று கேட்டாள். சரியான கேள்வி. கண்ணுக்கு லேசான வைக்கோல் நிறம், அவ்வளவுதான். படமாகக் காட்டிவிட வேண்டும் என்று நீலப்பட முறைக்குப் போனோம்.

1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த முறை அது. பெரிக் அமோனியம் சித்திரேற்று 25 கிராமை 100 மில்லிலீற்றர் நீரிலும், பொற்றாசியம் பெரிசயனைட்டு 10 கிராமை இன்னொரு 100 மில்லிலீற்றரிலும் தனித்தனியே கரைத்து, தேவையான நேரத்தில் சம அளவு கலந்து தடித்த சித்திரக் கடதாசியில் பூச வேண்டும். புற ஊதா பட்ட இடம் கழுவிய பின் கடும் நீலமாகும், படாத இடம் வெள்ளையாகவே இருக்கும். பெரிசயனைட்டை எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. கடும் அமிலம் பட்டால் நச்சு வாயு வரும். கையுறை போட்டு, மங்கிய மஞ்சள் பல்பின் கீழ்தான் பூசினோம். கொழும்பின் ஈரக் காற்றில் கடதாசி காய்வது பெரும் பாடு. அலுமாரிக்குள் இருட்டில் தொங்கவிட்டு, அடியில் சிலிக்கா ஜெல் பொதிகளைப் பரப்பி வைத்தபோதுதான் ஒழுங்காகக் காய்ந்தது. அரைகுறை ஈரத்தில் வெயிலுக்குக் கொண்டுபோனால் நீலம் திட்டுத்திட்டாக வரும்.

காய்ந்த கடதாசியின் மேல் தெளிவான பொலித்தீன், அதன் மேல் சொட்டுச் சொட்டாக ஐந்து திரவம்: நீர், நோரி, சிவப்பு, சர்காசம், உல்வா. உச்சி வெயிலில் சில நிமிடம் வைத்து, பொலித்தீனை எடுத்துவிட்டுக் குழாய் நீரில் நன்றாகக் கழுவினோம். நீர் இருந்த இடம் சுற்றியுள்ள நீலத்தோடு கலந்துவிட்டது. சொட்டின் விளிம்பு வளைந்து ஒளியைக் குவித்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். உல்வாவும் அதேபோல. நோரிச் சொட்டு இருந்த இடத்தில் ஒழுங்கான வெளிறிய வட்டம். திரவம் தடித்திருந்த நடுப்பகுதி இன்னும் வெளிறி, விளிம்பை நோக்கிப் படிப்படியாக நீலம் ஏறியது. மகள் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு, “அப்ப நாங்கள் பாக்கேலாத கறுப்பு” என்றாள். நான் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்த வட்டம் சுத்த வெள்ளையாக வராததற்கும் காரணம் இருக்கிறது. இந்தக் கடதாசி 400 நனோமீற்றரை ஒட்டிய கதிருக்கும் பதில் சொல்லும். போர்பைரா-334இன் உறிஞ்சல் 360ஐத் தாண்டியதும் சரிந்துவிடுகிறது. அந்த இடைவெளி வழியே புகுந்த கதிர்தான் மங்கிய நீலம் போட்டது. பாசிக்கும் அது தேவையான இடைவெளி: டிஎன்ஏவுக்குத் தீங்கு குறுகிய அலைநீளத்தில் அதிகம், ஒளித்தொகுப்புக்கு வேண்டிய ஒளி 400இலிருந்து தொடங்குகிறது. கெடுதலை நிறுத்தி, சாப்பாட்டை விடும் இடத்தில் திரை முடிகிறது. இந்தப் பதிவிலேயே எனக்கு ஆகப் பிடித்த விடயம் இதுதான்.

அப்புறம் உல்வா. கொழும்புக் கரையில் ஆக அதிகமாக, ஆக வெளிப்படையாக வெயிலில் கிடப்பது இந்தப் பச்சைதான். அதனிடம் திரை இல்லை. பச்சைப் பாசிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றில் மைக்கோஸ்போரின்கள் இல்லை, அல்லது மிகக் குறைவு. இவை காயத்தைத் தடுப்பதைவிடக் காயம் ஆற்றுவதில் முதலீடு செய்கின்றன. போட்டோலயேஸ் என்ற நொதியம் ஒட்டிக்கொண்ட தைமின்களைப் பிரித்துவிடும். அதற்குச் சக்தி நீல ஒளியிலிருந்தும் ஏ வகைக் கதிரிலிருந்தும் கிடைக்கிறது. காயப்படுத்தும் அதே வெயில் மருந்துக்கும் வழி விடுகிறது. உடைந்த டி1 புரதத்தைக் கழற்றிப் புதிதாகப் போடுவதும் தொடர்ந்து நடக்கும். மூன்றாவதாக, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் முறை. தென் ஸ்பெயினில் காடிஸ் குடாவில் உல்வாப் படுகைகளை ஆராய்ந்தவர்கள், மேலே கிடக்கும் தாள் வெளுத்துப்போய்க் கீழே உள்ளவற்றுக்கு மறைப்பாக நிற்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இதை மொட்டைமாடியில் செய்து பார்க்க முடிந்தது. ஆழமில்லாத இரண்டு வெள்ளைத் தட்டில் வடித்த கடல்நீர், ஒவ்வொன்றிலும் நான்கு உல்வாத் தாள் அடுக்கு. ஒன்றுக்கு மூடி பொலித்தீன், மற்றதற்கு லேசர் அச்சுக்கான பொலியெஸ்ரர் ஒளிபுகு தாள். அது பி வகையைப் பெருமளவு வெட்டும், மற்றதை விடும். நீர் சூடேறினால் பாசி வெப்பத்தாலேயே செத்துவிடும், கதிரின் மேல் வீண்பழி வரும். அதனால் இரண்டு தட்டையும் பெரிய பேசினில் மிதக்கவிட்டு, பேசின் நீரை அடிக்கடி மாற்றினோம். சில நாளில் மேல் தாள் இரண்டு தட்டிலும் வெளுத்தது. பொலித்தீனின் கீழ் கொஞ்சம் முந்தியே. கீழ்த் தாள்கள் இரண்டிலும் பச்சை. பொலியெஸ்ரரின் கீழும் மேல் தாள் வெளுத்ததால் முழுப் பழியையும் பி வகையின் மேல் போட முடியாது. உச்சி வெயிலின் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஏ வகையும் சேர்ந்தே பச்சையத்தை வெளுக்கவைக்கும். அடுக்கின் மேல் தாள் கீழ்த் தாளைக் காப்பாற்றுகிறது என்பது மட்டும் இதில் உறுதியாகத் தெரிந்தது.

கடற்பாசியின் வயதும் முக்கியம். வளர்ந்த இலையைவிட வித்தி மிகவும் மென்மையானது. ஒரே ஒரு கலம், அடுக்கும் இல்லை, தடிப்பும் இல்லை. எந்த இனம் பாறையில் எவ்வளவு மேலே குடியேறலாம் என்பதில் வித்தி தாங்கும் கதிரின் அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. அதனால் இந்தப் போட்டி முழுவதும் கையகல உயரத்துக்குள் நடக்கிறது. கல்லின் மேல் பச்சை, கீழே நுரை படும் இடத்தில் சிவப்பு என்று பார்த்தாலே தெரியும். கல்லின் மேடும் நிழலும்கூட ஒரே இனத்தின் திரையை மாற்றும். மைக்கோஸ்போரின்கள் கதிர் கூடும்போது கூடவும், ஆழத்தில் குறையவும் செய்யும்.

பாசி சாப்பிடும் உயிர்களுக்கும் இந்தத் திரை போய்ச் சேர்கிறது. விலங்குகளால் பொதுவாக மைக்கோஸ்போரின்களைத் தாமே உண்டாக்க முடியாது. கடல் முள்ளெலிகள் தின்ற பாசியிலிருந்து எடுத்து முட்டைக்குள் சேர்த்து வைக்கின்றன.

அடுத்து நைதரசன். மைக்கோஸ்போரின் ஒவ்வொன்றிலும் நைதரசன் உண்டு. அமோனியம் கிடைத்தால் சில சிவப்புப் பாசிகள் அதைக் கூடுதலாகச் செய்யும் என்பது ஆய்வில் தெரிந்த விடயம். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்து அழுக்கு நீரைக் கடலில் சேர்க்கின்றன. அந்த நீர் பச்சைப் பாசிக்கு உரம். வாய்க்கு அருகிலும் தள்ளியும் ஒரே சிவப்புப் பாசியை எடுத்து ஒப்பிடலாம்தான், ஆனால் அங்கே கலங்கல் வெயிலையும் மறைக்கும், இரண்டு காரணமும் பின்னிக்கொள்ளும். ஆகவே செப்டம்பரில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும்போது ஒரே செடியின் கிளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு தட்டில் வெறும் கடல்நீரும் மற்றதில் சிட்டிகை அமோனியம் சல்பேற்றும் போட்டு, ஒரே பொலித்தீன் மூடியின் கீழ் வைத்து, அதே குழாயில் வடிநீரை அளக்கப் போகிறோம். ஊற்றும் அளவு, 5 மில்லிமீற்றர் உயரம், நீர் வாசிப்பு முன்னும் பின்னும், எல்லாம் மாறாமல் அப்படியே. இந்தத் தடவை குறிப்பேட்டை மகள்தான் வைத்திருப்பாள்.